காற்றைப் பிடித்து மூட்டையில் கட்டியவர்கள்

கூட்டுறவு சங்கத்திலோ உரக்கடையிலோ விரல் ரேகை வைத்து வாங்கி வரும் யூரியா மூட்டையின் எடை 45 கிலோ. அதில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம். கணக்குப் போட்டால் மூட்டைக்கு 20 கிலோ 700 கிராம். இது எந்தச் சுரங்கத்திலிருந்தும் வெட்டி எடுத்ததல்ல. மாட்டுக் கொட்டகையிலிருந்தோ மரத்திலிருந்தோ வந்ததும் அல்ல. முழுக்க முழுக்க நாம் மூச்சு விடும் காற்றிலிருந்து பிரித்தெடுத்தது. காற்றைப் பிடித்து உப்பு போன்ற குருணையாக்கி மூட்டையில் கட்ட முடியும் என்று 120 ஆண்டுகளுக்கு முன்பு சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அதைச் செய்து காட்டியவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஹேபர், கார்ல் போஷ் என்ற இரண்டு விஞ்ஞானிகள். இன்று உலகில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாப்பாடு இவர்கள் கண்டுபிடித்த முறையில் தயாரான தழைச்சத்தால் விளைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மின்விளக்கு, விமானம், கணினி எல்லாவற்றையும்விட அதிகம் பேரின் வாழ்க்கையைத் தொட்ட கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். ஆனால் எடிசனைத் தெரிந்த அளவுக்கு இவர்களை யாருக்கும் தெரியாது. தினமும் இவர்களின் சரக்கைக் கையாளும் விவசாயிகளுக்கும் தெரியாது.

தலைக்கு மேலே இருந்தும் பசி

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஓர் ஏக்கர் வயலுக்கு நேர் மேலே நிற்கும் காற்றில் மட்டும் 30,000 டன்னுக்கு மேல் இருக்கிறது. ஒரு டன் நெல் விளைய, வைக்கோலையும் சேர்த்து, 15 முதல் 20 கிலோ தழைச்சத்து போதும். அப்படியிருந்தும் பயிர் மஞ்சளாகி நிற்கிறதே, ஏன்?

காற்றில் உள்ள நைட்ரஜன் ஒண்டியாகத் திரிவதில்லை. இரண்டு அணுக்கள் ஜோடியாக, மூன்று பிணைப்புகளால் இறுக்கமாகக் கட்டிக்கொண்டு இருக்கும். அந்தக் கட்டை எந்தப் பயிராலும் அவிழ்க்க முடியாது. இயற்கையில் அதை அவிழ்ப்பவை இரண்டுதான். ஒன்று மின்னல். மற்றொன்று மண்ணிலும் நீரிலும் வாழும் சில நுண்ணுயிர்கள். தொழுவுரம், தழையுரம், ஆட்டுக்கிடை என்று நம் முன்னோர் செய்ததெல்லாம், ஏற்கெனவே அவிழ்ந்து உயிர்களுக்குள் வந்துவிட்ட தழைச்சத்தை மறுபடி மறுபடி சுற்றுக்கு விட்ட வேலைதான். புதிதாகச் சேர்ந்தது குறைவு. அதனால் விளைச்சலுக்கும் ஒரு உச்சவரம்பு இருந்தது.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருகியபோது இந்த உச்சவரம்பு கழுத்தைப் பிடித்தது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டை ஒட்டிய சிஞ்சா தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் மலைபோலக் குவிந்து கிடந்தது. மழையே பெய்யாத இடம் என்பதால் சத்து கரையாமல் அப்படியே இருந்தது. குவானோ என்ற அந்த எச்சத்தை 1840களிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். வெட்டுவதற்குச் சீனாவிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்து அடிமைகளைப் போல வேலை வாங்கினார்கள். பறவைகள் பல்லாயிரம் ஆண்டுகள் சேர்த்ததை மனிதன் முப்பது, நாற்பது ஆண்டுகளில் வழித்துத் துடைத்துவிட்டான்.

அடுத்து அட்டகாமா பாலைவனத்து வெடியுப்பு. இதுவும் தழைச்சத்துதான். வயலுக்குப் போட்டால் உரம், வெடிமருந்தில் கலந்தால் குண்டு. இந்த உப்புக்காக 1879ல் சிலி ஒருபக்கமும், பெருவும் பொலிவியாவும் மறுபக்கமுமாகப் போரே மூண்டது. சிலி வென்றது. தோற்ற பொலிவியா தன் கடற்கரையை இழந்தது. இன்றுவரை அந்த நாட்டுக்குக் கடல் கிடையாது. உரத்துக்காக ஒரு நாடு கடலை இழந்த கதை வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

1898ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் விஞ்ஞானிகள் கூடிய மாநாட்டில் வில்லியம் குரூக்ஸ் என்ற வேதியியல் அறிஞர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். சிலி உப்பும் தீர்ந்துபோகும், அப்போது கோதுமை உண்ணும் நாடுகள் பட்டினியைச் சந்திக்கும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க வழி கண்டுபிடிப்பதுதான் வேதியியல் செய்ய வேண்டிய வேலை என்றார். பேச்சு பத்திரிகைகளில் பரபரப்பானது. ஐரோப்பாவின் ஆய்வுக்கூடங்கள் பல இதில் இறங்கின.

சொட்டுச் சொட்டாக வந்த அம்மோனியா

ஹேபர் 1868ல் பிரெஸ்லாவ் நகரில் யூத வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்குச் சாய வியாபாரம். மகனுக்கு அதில் பிடிப்பில்லை. கார்ல்ஸ்ரூஹே நகர் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோதுதான் நைட்ரஜன் பக்கம் திரும்பினார்.

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் அம்மோனியா. ஏட்டில் எளிது. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜனின் கட்டை அவிழ்க்க நிறைய வெப்பம் வேண்டும். ஆனால் வெப்பம் ஏற ஏற, உருவான அம்மோனியாவே உடைந்து பழையபடி பிரிந்துவிடும். சோறு வேக நெருப்பு வேண்டும், நெருப்பு கூடினால் அடிப்பிடித்துவிடும் என்பது போல. ஹேபர் முதலில் செய்த அளவீட்டில் மிகச் சொற்ப அம்மோனியாதான் கிடைத்தது. அந்தக் கணக்கும் தவறு என்று வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற பெரிய விஞ்ஞானி 1907ல் சபை நடுவே சொல்லிவிட்டார். ஹேபருக்குத் தலைகுனிவு. உடல்நலமே கெட்டது என்கிறார்கள். இன்னொருவராக இருந்தால் விட்டிருப்பார். இவர் ராபர்ட் லெ ரோசின்யோல் என்ற இளம் உதவியாளரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். கருவிகளைத் தன் கையாலேயே கடைந்து செய்யக்கூடியவர் லெ ரோசின்யோல். அதிக அழுத்தத்தைத் தாங்கும் வால்வுகளைச் செய்தது அவர்தான்.

மூன்று விஷயங்கள் கைகொடுத்தன. ஒன்று, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு அழுத்தம் கொடுத்தது. இரண்டு, ஆஸ்மியம் என்ற அரிய உலோகத்தை வினையூக்கியாக வைத்தது. வினையூக்கி என்பது தான் தீர்ந்துபோகாமல் மற்றவற்றின் வினையை விரைவுபடுத்தும் பொருள். மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனம். ஒருமுறை வாயுவைச் செலுத்தினால் சிறு பங்குதான் அம்மோனியாவாகும். அதைக் குளிரவைத்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மிச்ச வாயுவைத் திரும்பத் திரும்ப அதே குழாய்க்குள் சுற்றவிட்டார். செக்காலையில் கரும்பை ஒரே தடவை கொடுத்தால் முழுச் சாறும் வராது, சக்கையை மறுபடி கொடுப்போமே, அதே யோசனை.

1909 ஜூலை 2. பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மானிய சாயக் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். அன்றைக்கென்று கருவியில் ஒரு திருகாணி தெறித்துவிட்டது. சரிசெய்யப் பல மணி நேரம் ஆனது. வந்தவர்களில் முக்கியமானவரான போஷ் காத்திருக்க முடியாமல் ஊர் திரும்பிவிட்டார். உடன் வந்த ஆல்வின் மிட்டாஷ் இருந்து பார்த்தார். அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது.

பட்டறை தெரிந்த விஞ்ஞானி

மேசை மேல் சொட்டுச் சொட்டாக வந்ததை டன் கணக்கில் எடுப்பது வேறு வேலை. அங்கேதான் கார்ல் போஷ் வருகிறார். புத்தகங்களில் ஹேபரின் பெயர் முன்னால் வந்தாலும், என் ஓட்டு போஷுக்குத்தான். வேதியியல் படித்தவர், ஆனால் பல்கலைக்கழகம் போகும் முன்பே இரும்பாலையில் வார்ப்படம், தச்சு, பட்டறை வேலையெல்லாம் பழகியவர். 200 மடங்கு அழுத்தமா, கொதிகலன் வெடித்தே எல்லோரும் செத்துப்போவோம் என்று கம்பெனியில் சிலர் மிரண்டபோது, இரும்பின் வலிமை எனக்குத் தெரியும், துணிந்து இறங்கலாம் என்று சொன்னவர்.

முதல் பிரச்சினை ஆஸ்மியம். உலகத்தில் கிடைத்த ஆஸ்மியம் அவ்வளவையும் கம்பெனி வாங்கிப் போட்டும் நூறு கிலோ அளவுதான் சேர்ந்தது. அதை வைத்து உலகத்துக்கு உரம் செய்ய முடியுமா? மலிவான வினையூக்கி தேடும் வேலையை மிட்டாஷ் ஏற்றார். சின்னச் சின்னச் சோதனைக் குழாய்களை வரிசையாக வைத்து, கையில் கிடைத்த உலோகம், தாது, உப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பத்து, நூறு அல்ல. ஆயிரக்கணக்கான சோதனைகள். கடைசியில் சிக்கியது சுவீடன் நாட்டு இரும்புத் தாது ஒன்று. சுத்தமான இரும்பு சரியாக வேலை செய்யாதபோது அந்தத் தாது மட்டும் ஏன் நன்றாக வேலை செய்கிறது என்று துருவிப் பார்த்ததில், அதில் கலந்திருந்த பிற பொருள்கள்தான் காரணம் என்று தெரிந்தது. இரும்போடு கொஞ்சம் அலுமினிய ஆக்சைடும் பொட்டாஷும் சேர்த்தார்கள். நூறாண்டு கடந்தும் உலகின் பெரும்பாலான அம்மோனியா ஆலைகளில் இந்தச் சேர்மானத்தின் வழிவந்த வினையூக்கிதான் இருக்கிறது.

இரண்டாவது பிரச்சினை அதைவிட மோசம். கனமான எஃகில் செய்த குழாய்கள் 80 மணி நேரம் ஓடியதும் வெடித்தன. எஃகுக்கு வலிமை தருவது அதில் உள்ள கரி. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அந்தக் கரியைத் தின்றுவிடுகிறது என்று போஷ் கண்டுபிடித்தார். வெளியே பார்த்தால் குழாய் நன்றாக இருக்கும், உள்ளே கரையான் அரித்த மரம்போல ஆகியிருக்கும். எவ்வளவு கனமாகச் செய்தாலும் இது தீராது.

அவர் கண்ட தீர்வு பட்டறைக்காரனின் மூளையில்தான் உதிக்கும். ஒரே குழாய்க்கு இரண்டு வேலை எதற்கு? உள்ளே கரியே இல்லாத மெல்லிரும்பில் ஓர் உறை. ஹைட்ரஜன் தின்ன அதில் ஒன்றுமில்லை. வெளியே அழுத்தத்தைத் தாங்கக் கனத்த எஃகுக் குழாய். உள் உறையைத் தாண்டிக் கசியும் கொஞ்சம் ஹைட்ரஜன் எஃகைத் தாக்காமல் வெளியேற, வெளிக்குழாயில் ஊசித்துளைபோல ஓட்டைகள். அழுத்தத்தைத் தாங்க வேண்டிய குழாயிலேயே ஓட்டை போட ஒரு துணிச்சல் வேண்டும். 1913 செப்டம்பரில் ரைன் நதிக்கரையில் ஓப்பாவ் என்ற ஊரில் உலகின் முதல் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது. காற்றிலிருந்து உரம் வந்தது.

உரம் குண்டானது

அடுத்த ஆண்டே முதல் உலகப் போர். இங்கிலாந்தின் கப்பற்படை கடலை மறித்தது. சிலி உப்பு ஜெர்மனிக்கு வரவில்லை. வெடிமருந்து தீர்ந்து ஜெர்மனி பணிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் போஷின் ஆலை அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக மாற்றி வெடிமருந்துக்குக் கொடுத்தது. 1917ல் லொய்னாவில் இன்னும் பெரிய ஆலை எழுந்தது. ஹேபரும் போஷும் இல்லையென்றால் அந்தப் போர் முன்னதாகவே முடிந்திருக்கும் என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

ஹேபர் அதோடு நிற்கவில்லை. குளோரின் வாயுவை ஆயுதமாக்க முன்வந்து, போர்முனைக்குத் தானே போய் மேற்பார்வையிட்டார். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே 150 டன்னுக்கு மேற்பட்ட குளோரினைக் காற்றடிக்கும் திசை பார்த்துத் திறந்துவிட்டார்கள். பதுங்குகுழிகளில் இருந்த வீரர்கள் மூச்சுத் திணறி மடிந்தார்கள். அவருடைய மனைவி கிளாரா இம்மர்வாரும் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பத்து நாள் கழித்து, மே 2 அன்று, அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். காரணம் இந்த வாயுதானா, குடும்ப வாழ்க்கையின் கசப்பும் சேர்ந்ததா என்பதை இன்றும் விவாதிக்கிறார்கள். ஹேபர் உடனேயே கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிப் போனார்.

1918ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பலருக்கு ஆத்திரம். பரிசு கொடுத்ததும் நியாயம், ஆத்திரப்பட்டதும் நியாயம். போஷுக்கு 1931ல் கிடைத்தது. 1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத விஞ்ஞானிகளை வேலையிலிருந்து விரட்டச் சொன்னார்கள். ஹேபர் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். எந்த நாட்டுக்காக விஷவாயு செய்தாரோ அந்த நாட்டுக்கே அவர் வேண்டாதவர் ஆனார். 1934 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 65 வயதில் இறந்தார். தானியக் கிடங்குப் பூச்சிகளை ஒழிக்க அவருடைய ஆய்வகத்தில் தொடங்கிய சயனைடு ஆராய்ச்சியின் வழியில் பின்னால் வந்த மருந்தைத்தான் நாஜிகள் வதைமுகாம்களில் பயன்படுத்தினார்கள். அங்கே கொல்லப்பட்டவர்களில் ஹேபரின் உறவினர்களும் உண்டு.

ஓப்பாவ் ஆலையும் ஒரு துயரத்தைக் கண்டது. 1921 செப்டம்பர் 21. அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரம் கிடங்கில் 4,500 டன் குவிந்திருந்தது. ஈரம் பட்டால் இது கல்லாக இறுகும். கடப்பாறைக்கு அசையாது. அதனால் சிறு வெடி வைத்துத் தளர்த்துவது வழக்கம். ஆயிரக்கணக்கான தடவை அப்படிச் செய்தும் ஒன்றும் ஆகவில்லை. அன்று குவியலே வெடித்தது. 500 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊரே தரைமட்டம். 2020ல் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்ததும் அம்மோனியம் நைட்ரேட்தான். யூரியா அப்படி வெடிக்கும் பொருள் அல்ல, பயப்பட வேண்டாம்.

நம் வயலுக்கு வந்தது

அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்து யூரியா செய்யும் முறையும் போஷின் கம்பெனியில் 1920களில் தொடங்கியதுதான். இந்தியாவில் 1947ல் கேரளத்தின் ஆலுவா அருகே ஃபாக்ட் ஆலையும், 1951ல் சிந்திரியில் அரசு ஆலையும் அம்மோனியம் சல்பேட் தந்தன. பிறகு மணலி, தூத்துக்குடி என்று யூரியா ஆலைகள் வந்தன.

ஆனால் உரம் மட்டும் போதவில்லை. பழைய உயர ரகங்களுக்கு உரம் போட்டால் ஆளுயரம் வளர்ந்து, கதிர் முற்றும் முன்பே சாய்ந்துவிடும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை, பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர். 8 போன்றவை வந்த பிறகுதான் ஹேபரின் தழைச்சத்து முழுதாக மணியானது. தஞ்சைப் பகுதியில் 1960களில் ஆடுதுறை 27 பரவியதும் அந்தக் காலம்தான்.

இதன் மறுபக்கத்தை இலங்கையில் பார்த்தோம். 2021ல் அந்த நாட்டு அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. மாற்று ஏற்பாடு எதுவும் தயாராக இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன, அரிசியை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அந்த ஆண்டு முடியும் முன்பே தடையை விலக்கினார்கள். பழக்கிய மண்ணை ஒரே பருவத்தில் மாற்றிவிட முடியாது.

பிடித்த காற்று மறுபடி பறக்கிறது

500 டிகிரி சூடு, 200 மடங்கு அழுத்தம், உலகின் மொத்த எரிசக்தியில் 1 முதல் 2 சதவீதம் என்று இவ்வளவு செலவழித்துக் கட்டிய காற்றை நாம் வயலில் என்ன செய்கிறோம்? நெல் வயலில் போட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம்தான். மூட்டையில் உள்ள 20 கிலோ 700 கிராமில் 6 முதல் 8 கிலோ. மிச்சத்தில் கொஞ்சம் மண்ணில் தங்கும். மற்றது போய்விடும்.

போகும் வழிகள் மூன்று. தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசினால் சில நாளில் அம்மோனியமாக மாறும். பகலில் வயல் தண்ணீரில் பாசி வேலை செய்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறும், அம்மோனியா ஆவியாகப் பறக்கும். நைட்ரேட்டாக மாறியது மழையோடும் பாசனத்தோடும் கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். மூன்றாவதாக, காற்றில்லாத சேற்றில் வேறொரு நுண்ணுயிர் நைட்ரேட்டைத் தின்று மறுபடி நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். ஓப்பாவில் பிடித்த காற்று நம் சேற்றிலிருந்து குமிழியாகக் கிளம்பி வந்த இடத்துக்கே போகிறது. போகும் வழியில் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாறும். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல 270 மடங்கு வீரியமுள்ளது.

வேப்பெண்ணெய் பூசிய யூரியாவை 2015 முதல் கட்டாயமாக்கியது இதைக் குறைக்கத்தான். வேம்பு, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத் தணிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஒன்று பலருக்கும் தெரிந்ததுதான்: யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்பிண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடுவது. தெரிந்தும் செய்பவர்கள் குறைவு, ஆள் கூலி ஒரு காரணம். குறைந்தபட்சம், தண்ணீரை வடித்துச் சேற்று ஈரத்தில் மேலுரம் இட்டு, பிறகு தண்ணீர் கட்டலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

எப்போது போடுவது என்பதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்து இடங்களில் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராக இலையில் படாமல் நம் நிழலில் வைத்துப் பார்ப்பது நல்லது. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை எண். பத்தில் ஆறு இலைகள் அதற்குக் கீழே வந்தால் மட்டும் வறண்ட பருவத்தில் ஏக்கருக்கு சுமார் 30 கிலோ யூரியா, மழைப் பருவத்தில் 26 கிலோ. வராவிட்டால் போட வேண்டாம். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று போடும் யூரியாவைத்தான் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் சாப்பிடுகின்றன. பிறகு அதற்கு மருந்துச் செலவு வேறு.

யூரியா ஆலைக்குத் தேவையான ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதியை நாம் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். எங்கோ போர் மூண்டால் உர விலை ஏறுவது இதனால்தான். மூட்டையில் நாம் கொடுக்கும் விலை உண்மையான விலையில் ஒரு சிறு பங்குதான், மற்றது மானியம். மலிவாகக் கிடைப்பதால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

சூடு இல்லாமல் செய்பவை

ஹேபருக்கு இருபது ஆண்டுகள் முன்பே இன்னொரு கண்டுபிடிப்பு நடந்தது. அதைச் செய்தவர்களும் ஜெர்மானியர்களே: ஹெல்ரீகல், வில்ஃபார்த். பெர்ன்பர்க் என்ற ஊரில் மணல் தொட்டிகளில் ஓட்ஸும் பட்டாணியும் வளர்த்தார்கள். ஓட்ஸ் எவ்வளவு தழைச்சத்து கொடுத்தார்களோ அவ்வளவு வளர்ந்தது, ஒரே சீராக. பட்டாணி கணக்குக்குள் அடங்கவில்லை. சத்தே கொடுக்காத தொட்டிகளில் சில செடிகள் வாடின, சில தளதளவென்று வளர்ந்தன. வளர்ந்த செடிகளின் வேரில் முடிச்சுகள் இருந்தன. வாடியவற்றில் இல்லை. வயல் மண்ணைக் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றியதும் வாடிய செடிகளும் தேறின. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் பலன் இல்லை. ஆக, வேலை செய்வது ஏதோ ஓர் உயிர் என்று 1886ல் அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து நெதர்லாந்தின் பையரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்துக் காட்டினார். அதுதான் ரைசோபியம்.

பயறு போட்ட நிலம் தேறும் என்று நம் ஊர் சம்சாரிக்கு அதற்கு முன்பே தெரியும். ஏன் என்பதைத்தான் இவர்கள் சொன்னார்கள். போஷின் ஆலை 500 டிகிரியில் செய்யும் அதே வேலையை ரைசோபியம் சாதாரண மண் சூட்டில், செடி கொடுக்கும் சர்க்கரையைக் கூலியாக வாங்கிக்கொண்டு செய்கிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்தத் திறமையைக் கொண்டுவர உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் முயன்றுகொண்டிருக்கிறார்கள். இன்னும் கைகூடவில்லை. அது கைகூடினால் அவர்களின் பெயரும் ஹேபர், போஷ் வரிசையில் சேரும்.

அதுவரை இருப்பதைப் பயன்படுத்தலாம். தக்கைப்பூண்டு, சணப்பை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து, பயறு போடுபவர்கள் ஏக்கர் விதைக்கு 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் ஒன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். பூஞ்சாண மருந்து கலந்த விதையாக இருந்தால் ஒருநாள் இடைவெளி விட்டுப் பூசவும். இல்லாவிட்டால் நுண்ணுயிர் செத்துவிடும். பொட்டலத்தின் காலாவதி தேதியைப் பார்த்து வாங்கவும், வெயிலில் வைக்க வேண்டாம்.

விதைத்த 30, 35ஆம் நாளில் வயலின் நான்கைந்து இடங்களில் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ஆலை ஓடுகிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் வேலை நடக்கவில்லை. முந்தைய பயிருக்கு யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் முடிச்சே குறைவாக இருக்கும். மண்ணிலேயே இலவசமாகக் கிடைக்கும்போது செடி எதற்குக் கூலி கொடுக்கும்?